டிடியே கியூஷ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பனிச்சறுக்குப் பந்தயங்கள் பற்றிய குறிப்பில், சுவிட்சர்லாந்தின் டிடியே கியூஷைத் தலைசிறந்த டவுன்ஹில் (மலையிலிருந்து அதிவேகமாகக் கீழே பாயும் பந்தயம்) வீரர்களில் ஒருவர் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். ஒலிம்பிக்கில் அவருக்கு ஒரே ஒரு வெள்ளி, அதுவும் 1998இல், சூப்பர்-ஜி (டவுன்ஹில்லைவிட வளைவுகள் கூடிய பந்தயம்) பிரிவில். தங்கமே இல்லாதவரை அப்படிச் சொல்லலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாகச் சொல்லலாம்.

ஒலிம்பிக் டவுன்ஹில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, சுமார் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. 2010 வான்கூவர் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு கியூஷ் கட்டைவிரலை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை செய்துகொண்டுதான் போனார். தங்கம் அவருடைய அணித் தோழர் டிடியே டெஃபாகோவுக்குக் கிடைத்தது. உலகக் கோப்பையோ குளிர்காலம் முழுக்க ஊர் ஊராக நடப்பது. கடைசியில் மொத்தப் புள்ளிதான் கணக்கு. அந்த டவுன்ஹில் பட்டத்தை அவர் 2007, 2008, 2010, 2011 என நான்கு முறை வென்றார். 2008இல் அமெரிக்க வீரர் போடி மில்லரை முந்தியது ஐந்தே புள்ளியில். அதே ஆண்டு சூப்பர்-ஜி பட்டம் ஒரே புள்ளியில் கைநழுவியது.

இதெல்லாம் முப்பது வயதைத் தாண்டிய பிறகு. கசாப்புத் தொழில் பயின்ற, நியூஷாட்டெல் மாநிலத்துக் கிராமத்துப் பையன் அவர். 2005இல் முழங்கால் தசைநார் கிழிந்து ஒரு பருவமே பாதியில் நின்றது. அதற்குப் பிறகு திரும்பி வந்தவர்தான் 34 வயதில் உலக சாம்பியன் ஆனார். டவுன்ஹில்லில் வயது ஓரளவு துணையாகவும் இருக்கிறது என்றே நினைக்கிறேன். எந்த வளைவில் எவ்வளவு முன்னதாகத் திரும்ப வேண்டும், எந்த மேட்டில் உடலை எப்படி அமுக்க வேண்டும் என்பதெல்லாம் அதே மலையில் ஆண்டுதோறும் இறங்கித்தான் உடம்பில் படியும்.

ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூல் ஊரிலுள்ள ஸ்ட்ரைஃப் தடம் அப்படிப்பட்ட மலை. வீரர்கள் மிகவும் அஞ்சும் தடமும் அதுதான். புறப்பட்ட சில நொடிகளிலேயே செங்குத்தான சரிவில் காற்றில் பறக்க வேண்டும். முடிவுக்கோட்டை நெருங்கும்போது வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தொடும். 2009 பயிற்சி ஓட்டத்தில் கியூஷின் அணித் தோழர் டேனியல் ஆல்பிரெக்ட் அங்கே விழுந்து வாரக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தார். அந்தத் தடத்தின் டவுன்ஹில்லை கியூஷ் 1998இல் முதலில் வென்றார். பிறகு பத்தாண்டு இடைவெளி விட்டு 2008, 2010, 2011, 2012. ஐந்து முறை! ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற டவுன்ஹில் வீரர் ஃபிரான்ஸ் கிளாமருக்கே நான்குதான்.

2012 கிட்ஸ்பூல் பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்பு, இந்தப் பருவத்தோடு ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தார். அப்போது வயது 37. வானிலையால் தடத்தைச் சுருக்கியிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் அதே தடம்தானே. அடுத்த வாரம் ஜெர்மனியின் கார்மிஷிலும், பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் கிரான்-மொன்டானாவிலும் மறுபடி வென்றார்.

ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் 2011 கிட்ஸ்பூல் பந்தயக் காணொளியைப் பாருங்கள். இரண்டு நாள் முன்புதான் ஆஸ்திரிய வீரர் ஹான்ஸ் க்ருகர் அதே தடத்தில் விழுந்து உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். நூறில் ஒரு நொடியில் தோற்கும் இந்த விளையாட்டில், கியூஷ் அன்று இரண்டாமிடத்து மில்லரைவிடக் கிட்டத்தட்ட ஒரு முழு நொடி முன்னதாக இறங்கினார்.

அன்புடன்.