கடி வேறு, சிலேடை வேறு

கேள்வி: சபா நாடகங்களில் சிலேடைக்குக் கைதட்டுகிறார்கள். அதையே நான் ஆபீசில் சொன்னால் "கடிக்காதே" என்கிறார்கள். சொல் விளையாட்டே மட்டமான சரக்கா?
- ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: சரக்கில் குறையில்லை. ஓசை ஒத்துவந்ததுமே சிலேடை ஆகிவிட்டதென்று நீங்கள் நினைப்பதுதான் குறை. சாம்பார் கேட்டவரிடம் "சாம், பார்!" என்றால் அது கடி. சாம் என்று அங்கே யாரும் இல்லை, பார்க்கவும் எதுவும் இல்லை. இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்த வேண்டும். நடுவழியில் நின்ற காரை மற்றவர்கள் தள்ள, 'கலைமகள்' ஆசிரியர் கி.வா.ஜ. தம்மைத் 'தள்ளாதவன்' என்று சொல்லிக்கொண்டாராம். பலவிதமாக வழங்கும் கதைதான். ஆனால் பொருத்தத்தைப் பாருங்கள்: முதுமையும் மெய், வண்டியைத் தள்ளாததும் மெய்.

இப்படிப் பிரிக்காமலே இருபொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்கிறது தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல். பிரித்தால்தான் இன்னொரு பொருள் கிடைக்கும் என்றால் பிரிமொழிச் சிலேடை. காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் பாடிய வெண்பாவில் வரும் 'பிண்ணாக்கு' அந்த வகை. எள்ளுக்கு அது எண்ணெய் போக மிஞ்சும் சக்கை. பாம்புக்குப் பிளந்த நாக்கு. அதே பாட்டில் 'ஆடிக் குடத்தடையும்' என்கிறார். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகிறது. எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்தில் சேர்கிறது. செக்கில் எண்ணெய் ஆட்டுவது என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ஆட்டம்தான். ஒரு சொல்லைக்கூட வலிந்து இழுக்கவில்லை மனிதர். எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

உங்கள் ஆபீசுக்கு வருவோம். இருபொருள் சொல்லை வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள். நடுவில் வைத்தால் மீதி வாக்கியம் சிரிப்பில் அமுங்கிப்போகும். அதற்கு முன்னால் நிறுத்தி, குரலை உயர்த்தி, "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். கேட்பவர் தானே கண்டுபிடிப்பதில்தான் சுகம். அதை நீங்கள் பறித்துக்கொண்டால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். சென்னையில் பலர் வாயில் 'ழ' 'ள' ஆகிவிடுவதால் வாழைக்கும் வாளை மீனுக்கும் மேடையில் முடிச்சுப் போட்டுவிடலாம். அச்சில் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். பிரிமொழியில் சிக்கல் வேறு: இடைவெளி விட்ட உடனே ஒரு பொருள் செத்துவிடும். துணுக்கு அனுப்புகிறவர்கள் சொல்லைச் சேர்த்தே எழுதுங்கள். மேற்கோள் குறியும் போட வேண்டாம்.