கார்பெட் நனையும் 1967 மஸ்டாங்: எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி: அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கிறேன். போன கோடையில் 1967 ஃபோர்டு மஸ்டாங் கூபே ஒன்று வாங்கினேன். 289 கன அங்குல வி8 இன்ஜின், மூன்று கியர் சி4 ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். வண்டி ஓடுகிறது. ஆனால் மழையில் நிறுத்தினால் முன்பக்கக் கார்பெட் நனைந்துவிடுகிறது. நண்பர்கள் ஃபோர்டின் இந்தக் காலத்து 5.0 லிட்டர் வி8 ஆன கொயோட்டி இன்ஜினைப் போடச் சொல்கிறார்கள். எனக்கோ ஒரிஜினலாக வைத்துக்கொள்ளவும் ஆசை. கையிருப்பை முதலில் எதில் போடுவது?

பதில்: முதலில் அந்தக் கார்பெட்டைக் கவனியுங்கள். இன்ஜின் பேச்சு அப்புறம்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் கோடு கோடாக ஓட்டைகள் இருக்கும். அதற்கடியில் இரண்டு தகரத்தை ஸ்பாட் வெல்டிங் செய்து சேர்த்த ஒரு பெட்டி இருக்கிறது. கவுல் என்பார்கள். காற்று அதன் வழியாக உள்ளே வரும், மழைத் தண்ணீர் இரண்டு ஓரமாகவும் வடிந்து போகும். பெட்டிக்குள் காற்று இறங்கும் துளைகளைச் சுற்றித் தொப்பி மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். இலைதழை சேர்ந்து ஈரம் தங்கினால் அந்த விளிம்பின் அடிப்பாகம்தான் முதலில் துருப்பிடிக்கும். அதன் பிறகு பெய்கிற மழையெல்லாம் நேராக உங்கள் கால் வைக்கும் இடத்துக்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

சோதிப்பது சுலபம். கார்பெட்டை எடுத்துவிட்டு, டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுங்கள். வெளியே ஒருவர் சொம்பில் தண்ணீர் எடுத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் என்று அந்த ஓட்டைகளில் மெதுவாக ஊற்றட்டும். ஹோஸ் வைத்து அடித்தால் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஹீட்டரைச் சுற்றியோ ஓட்டுநர் பக்கத்துக் காற்றுத் துளையைச் சுற்றியோ சொட்டினால் கவுல் போய்விட்டது. கண்ணாடி ஓரத்தில் ஊற்றும்போது மட்டும் கசிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ரப்பர் பீடிங் மாற்றினால் போதும்.

அப்படியே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தரையைத் தட்டிப் பாருங்கள். என்னிடம் ஒருமுறை பளபளவென்று சிவப்புப் பெயின்ட் அடித்த மஸ்டாங் வந்தது. கார்பெட்டைத் தூக்கினால் தரை முழுக்கத் தார் பூசி, மேலே ஃபைபர் கிளாஸ் ஒட்டியிருந்தார்கள். லேசாக அழுத்தினேன். அப்பளத்தில் குத்தின மாதிரி ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை இறங்கிவிட்டது. வாங்கியவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்து செவெல், ஜிடிஓ போன்ற வண்டிகளுக்குச் சேசிஸ் தனி, பாடி தனி. மஸ்டாங் அப்படியில்லை. தரை, கதவுக்கடியில் ஓடும் ராக்கர், முன்னும் பின்னும் நீளவாக்கில் ஓடும் ரெயில் எனும் இரும்புச் சட்டங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அதன் சேசிஸ். தரை துருப்பிடித்தால் வண்டியின் எலும்பே துருப்பிடித்தது மாதிரி. மிச்சிகனில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிறார்களே, அதில் ஓடிய வண்டி என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். தரையை வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து முட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பாடி தொய்ந்து, வேலை முடிந்தபின் கதவு சேராது. கவுலுக்கு, மேல் தகரத்தின் ஸ்பாட் வெல்டுகளை டிரில்லால் எடுத்துக் கழற்றி, கீழ்ப்பகுதியை மாற்றி, மறுபடி பற்றவைப்பதுதான் சரியான முறை. நேரம் பிடிக்கும் வேலை, கூலியும் அதிகம். உள்ளிருந்து தார் பூசி அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். தண்ணீர் உள்ளேயே நின்று மிச்சத் தகரத்தையும் தின்றுவிடும்.

அடுத்து, உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். வின் எண்ணில், அதாவது வண்டியின் அடையாள எண்ணில், ஐந்தாவதாக வரும் எழுத்து இன்ஜினைக் குறிக்கும். 'சி' என்றால் இரண்டு பேரல் கார்புரேட்டர் வைத்த 200 குதிரைத்திறன் 289. 'ஏ' என்றால் நான்கு பேரல், 225. 'கே' என்றால் 271 குதிரைத்திறன் ஹை பெர்ஃபாமன்ஸ் இன்ஜின், மிக அரிது. கதவில் இருக்கும் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், கதவை மாற்றியிருக்கலாம். ஓட்டுநர் பக்கம் பானெட்டுக்குள், ஏப்ரன் எனும் சக்கரப் பக்கத்து உள்தகட்டில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு, தொழிற்சாலையை விட்டு வந்தபோது என்னென்ன இருந்தது என்று மார்ட்டி ரிப்போர்ட் வாங்கலாம். கட்டாயம் வாங்குங்கள். 'கே' என்று வந்தால் ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் ஒரிஜினலாகவே செய்யுங்கள். 'சி' என்றால் பயப்படாமல் மாற்றலாம், கழற்றிய பாகங்களைப் பெயர் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டு.

மாற்றுவதில் முதலிடம் பிரேக்குக்கு. முன்னால் டிஸ்க் போடுங்கள். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் 1967இலேயே இரண்டு அறையாக வந்துவிட்டது. ஆனால் டிரம்முக்கான சிலிண்டரை அப்படியே வைத்து டிஸ்க்கை மாட்டினால் வம்பு. டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு ஒன்று இருக்கும். அது டிஸ்க் பக்கம் இருந்தால் பேட் உராய்ந்துகொண்டே சூடாகும். டிஸ்க்–டிரம் மாஸ்டர் சிலிண்டரும், பின் லைனுக்கு அழுத்தத்தைக் குறைத்துக்கொடுக்கும் வால்வும் சேர்ந்த கிட்டாக வாங்குங்கள். உங்கள் 14 அங்குல வீலுக்குள், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அடங்குமா என்று ஆர்டர் கொடுக்குமுன் கேளுங்கள்.

இன்னொன்று, பலர் யோசிப்பதே இல்லை. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின்னால் இடித்தால் டேங்குக்கும் பின்சீட்டுக்கும் நடுவே தடுப்பு என்று எதுவும் கிடையாது. பின்சீட்டுக்குப் பின்னால் இரும்புத் தகட்டுத் தடுப்பு ஒன்று போட்டுவிடுங்கள். இடுப்புப் பட்டை மட்டும் இருந்தால் மூன்று முனை சீட் பெல்ட்டும் மாட்டுங்கள். வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அல்லவா.

சரி, கொயோட்டி? அது அகலமான இன்ஜின். அதை உட்காரவைக்க, முன்பக்க சஸ்பென்ஷனைத் தாங்கி இன்ஜினின் இருபுறமும் நிற்கும் ஷாக் டவர்களை வெட்டி, சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருக்கும். வெட்டியதைத் திரும்ப ஒட்டுவது பெரும்பாடு. எனக்கு அதில் சம்மதமில்லை. உங்கள் 289க்கு முதலில் கம்ப்ரஷன் பாருங்கள். நன்றாக இருந்தால் நான்கு பேரல் கார்புரேட்டரும் மேனிஃபோல்டும், பாயிண்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன், இரட்டை சைலன்சர், இவ்வளவு போதும். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸை எல்லாம் மாற்றுங்கள், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் அதை அரித்துவிடும். ஆயிலில் துத்தநாகச் சேர்மானம் அதிகம் உள்ளதையே ஊற்றுங்கள், இல்லையென்றால் கேம் ஷாஃப்ட் தேயும்.

பின்னாளில் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு டி5 ஐந்து கியர் போட ஆசை வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். இன்ஜினின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். இன்ஜின் நடுங்காமல் இருக்க அதில் ஒரு பக்கம் கனம் கூட்டியிருப்பார்கள். 289க்கு 28 அவுன்ஸ் பேலன்ஸ் ஃப்ளைவீல் வேண்டும். டி5 வரும் எண்பதுகளின் 5.0 மஸ்டாங்கில் இருப்பது பெரும்பாலும் 50 அவுன்ஸ். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டவும் மாட்டும். வேறொரு பட்டறையில் அப்படி மாட்டிய வண்டி ஒன்று என்னிடம் வந்தது. வேகம் ஏற ஏற கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியே தெரியாத அளவுக்கு நடுங்கியது. கோளாறு கியர்பாக்ஸில் என்று நினைத்து அதை இரண்டு முறை இறக்கி ஏற்றியிருந்தார்கள்.

வரும் சனிக்கிழமை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எந்தப் பக்கம் சொட்டியது, தரை எவ்வளவு தாங்கியது, வின்னில் ஐந்தாவது எழுத்து என்ன என்று எழுதுங்கள். பட்டறைக்காரரிடம் என்ன கேட்டு விலை பேசுவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.