பரண் இருக்கட்டும், அவர் கெண்டைக்கால் எப்படி?

கேள்வி: பரணில் எலிப்புழுக்கை கிடந்தது, கணவர் பெருக்கித் தள்ளினார். எலிகளில் புதுப்புது வைரஸ் கண்டுபிடிப்பதாக யூடியூபில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. மெடிக்கலில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கி மூன்று நாளாகப் போடுகிறோம். எனக்கு நெஞ்செரிச்சல், முடி கொட்டுகிறது. மகனுக்குத் தும்மல். போன வாரம் கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போன கணவருக்கு நேற்றிலிருந்து கால்வலி, உடம்பும் சுடுகிறது. எலி வைரஸ் டெஸ்ட் எங்கே எடுப்பது? – வாசகி, வியாசர்பாடி

பதில்: இன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மீதியை டோக்கன் போட்டு உட்கார்ந்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

என் கவலை லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல். அது வைரஸே இல்லை, பாக்டீரியா. எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரிலிருந்து பித்தவெடிப்பு, சிராய்ப்பு வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் வரும்.

அவரைப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைக் கட்டைவிரலால் லேசாக அமுக்குங்கள். நடந்த அசதி என்றால் முனகுவார். லெப்டோ என்றால் பல பேர் கையைத் தட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் வார்டில் இதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் போகத்தான் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், காலையிலிருந்து எத்தனை தடவை மூத்திரம் போனார் என்பது. குறைந்திருந்தாலோ, கண் மஞ்சளாக இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பக்கத்து கிளினிக் வேண்டாம், நேரே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று ஏமாறாதீர்கள். சிலருக்கு அது இறங்கிய பிறகுதான் கிட்னியும் கல்லீரலும் கெடும். வலி மாத்திரை கொடுத்துத் தொலைக்காதீர்கள், பாராசிட்டமால் போதும். முதல் வாரத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ் வந்தாலும் லெப்டோ இல்லை என்று ஆகாது.

இனி உங்கள் யூடியூப் வைரஸ். எலியைப் பொறிவைத்துப் பிடித்து, நுரையீரலையும் கிட்னியையும் பிசிஆரில் சோதித்தால் ஏதாவது ஒரு வைரஸின் மரபணுத் துண்டு கிடைக்கத்தான் செய்யும். எலியிடம் இருப்பதெல்லாம் மனிதனுக்கு ஒட்டிவிடாது. 1964-இல் நம் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிடம் ஹன்டா (எலி போன்ற பிராணிகளிடம் இருக்கும் வைரஸ் குடும்பம்) வகை வைரஸ் ஒன்று கிடைத்தது. உலகம் முழுக்க அதற்கு இன்றும் தோட்டப்பாளையம் வைரஸ் என்றுதான் பெயர். (மூஞ்சூறு எலி இனமே இல்லை, அது வேறு கதை.) 60 வருஷம் தாண்டியும் அதனால் வேலூரில் கொள்ளைநோய் எதுவும் வரவில்லை. 1993-இல் அமெரிக்காவை உலுக்கிய ஹன்டா, மான் எலியிடமிருந்து வந்தது. அந்த எலி நம் ஊரில் கிடையாது. டெஸ்டுக்கு அலையாதீர்கள்.

உங்கள் நெஞ்செரிச்சல் டாக்ஸிசைக்ளின் செய்த வேலை. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்திருப்பீர்கள். நிறுத்துங்கள். ‘போடுகிறோம்’ என்றால் மகனுக்குமா? அப்படியானால் அவனுக்கும் நிறுத்துங்கள். முடிக்கும் தும்மலுக்கும் எலியைக் குற்றம் சொல்ல முடியாது.

பரணை இனிமேல் காய்ந்த துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், தூசி மூக்கில் ஏறும். ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டுத் துணியால் வழித்தெடுங்கள். அதை நாளை பார்த்துக்கொள்ளலாம். இப்போது கிளம்பும்போது அந்த மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எத்தனை போட்டார் என்பதை டாக்டர் எண்ணிப் பார்க்க வேண்டும்.