மேடையில் இருக்கட்டுமா, உள்ளே வைக்கட்டுமா?

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை சமையல் மேடையைச் சுற்றியே வந்திருக்கின்றன. எதை வெளியே வைக்கலாம், எவ்வளவு நேரம், யார் சொல்வது சரி என்று வீட்டுக்கு வீடு ஒரு வழக்கு. மருத்துவமனைச் சமையலறையில் உணவுப் பாதுகாப்பைக் கவனித்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் தள்ளச் சொல்வேன் என்று முன்கூட்டியே முடிவுகட்டி, கோபமாகக்கூட இரண்டொருவர் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சிலவற்றை வெளியே எடுத்து வைக்கவும் சொல்லப்போகிறேன்.

இரவு மிஞ்சிய சோற்றையும் இறைச்சிக் குழம்பையும் என் மாமியார் மூடி போட்டு மேடையிலேயே விட்டுவிடுவார். காலையில் தளதளவென்று கொதிக்க வைத்துப் பரிமாறுவார். “இந்தக் கொதியில் எந்தக் கிருமி தாங்கும்?” என்பது அவர் கேள்வி. இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் எனக்குப் பதில் பேச வாய் வரவில்லை. அவர் சொல்வது சரியா?
– பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மருமகள்

பாதி சரி. நன்றாகக் கொதித்தால் உயிரோடு இருக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை செத்துவிடும். ஆனால் சில கிருமிகள் சாகும் முன்பே உணவில் நச்சைக் கக்கி வைத்துவிடுகின்றன. திருடனைப் பிடித்தாயிற்று, செலவான பணம் திரும்பவில்லை என்பது போலத்தான்.

சோற்றில் நாம் பயப்பட வேண்டியது பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு. இது மண்ணிலிருந்து அரிசியோடு வருகிறது. கெட்டியான ஸ்போராக, அதாவது தோடு போர்த்திய உறக்க நிலையில் இருப்பதால், சோறு வேகும்போது சாகாமல் தப்பித்துவிடும். சோறு ஆறி வெதுவெதுப்புக்கு வந்ததும் விழித்துப் பெருக ஆரம்பிக்கும். இதில் சில வகைகள் வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு 121 டிகிரி செல்சியஸையே தாங்கும். உங்கள் மாமியார் எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். நம் கையிலும் மூக்கிலும் குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சும் இதே ரகம். கை பட்ட உணவு வெளியே கிடந்தால் அதுவும் கணக்கில் சேரும்.

குழம்பு விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் மதிப்பெண் தரலாம். பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் இறைச்சியில் வளர்வது க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரின்ஜன்ஸ். காற்றில்லாத அடிப்பகுதி அதற்கு ரொம்பப் பிடிக்கும். இது உயிரோடு பெருமளவில் வயிற்றுக்குள் போனால்தான் தொந்தரவு. அங்கே முழுக்கக் கொதிக்க வைப்பது உண்மையிலேயே உதவுகிறது. விளிம்பில் குமிழி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டால் உதவாது.

“ஒன்றும் ஆகவில்லை” என்பதற்கு வருகிறேன். எல்லாச் சோற்றிலும் நச்சு வரும் என்று இல்லை. வந்தாலும் பெரும்பாலும் ஒரு நாள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும். நாமும் வெயில், பயணம், பித்தம் என்று எதன் மீதாவது பழியைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். மிக அரிதாகத்தான் அதற்கு மேல் போகிறது. 2008-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் 20 வயது மாணவர் ஒருவர், சமைத்து 5 நாள் சமையலறையில் வெளியே கிடந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டு இறந்துபோனார். அந்த 5 நாளும் உங்கள் வீட்டு ஒரு ராத்திரியும் ஒன்றல்ல, மாமியாரைப் பயமுறுத்த இதைப் பயன்படுத்தாதீர்கள். சூடு பண்ணியது அந்தப் பையனைக் காப்பாற்றவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிருமிகள் சௌகரியமாக வளர்வது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். நல்ல சூழல் அமைந்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒன்றே ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒரு தூக்கம் அவ்வளவுதானே? அதனால்தான் சமைத்த உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறையின் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே புளிக்க வைக்கும் உணவுகளை இதில் சேர்க்கவில்லை. அங்கே அமிலம் காவல் இருக்கிறது.

வீட்டில் இதை வாதமாக்க வேண்டாம். “அத்தை, ராத்திரி எடுத்து வைக்கிற வேலை என்னோடது, காலையில கொதிக்க வைக்கிறது உங்களோடது” என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அவர் கொதியும் இருக்கட்டும், உங்கள் ஃபிரிட்ஜும் இருக்கட்டும்.

சூடாக உள்ளே வைத்தால் ஃபிரிட்ஜ் கெட்டுவிடும் என்கிறார்கள். நான் வேலை முடிந்து வந்து சமைப்பதே இரவு பத்தரைக்கு. ஆறட்டும் என்று காத்திருந்தால் நான் தூங்கிவிடுகிறேன், சாப்பாடு மேடையில் விழித்திருக்கிறது. என்ன செய்வது?
– தனியாகச் சமைத்துச் சாப்பிடுபவர்

நீங்கள் தூங்கலாம். ஒருவர் சாப்பிடும் அளவு உணவை ஆவி அடங்கியதும் இளஞ்சூட்டோடு வைத்தால் ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பெரிய பானையை அப்படியே ஏற்றினால்தான் தொல்லை. உள்ளே இருக்கும் பாலும் மற்றதும் சூடாகும், பானையின் நடுப்பகுதியும் மணிக்கணக்கில் ஆறாது.

அகலமான, ஆழமில்லாத பாத்திரத்தில் மாற்றுங்கள். உணவின் உயரம் 5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் சீக்கிரம் ஆறும். அவசரமென்றால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் உட்காரவைத்துக் கிளறிவிடுங்கள். பெரிய சமையலறைகளுக்கான விதிமுறைகளில் ஒரு நேரக் கணக்கு உண்டு. 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், அங்கிருந்து 5 டிகிரிக்கு வர இன்னும் 4 மணி நேரம். முதல் பகுதிக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்றால், கிருமிகள் மிக வேகமாகப் பெருகும் வெப்பம் அதற்குள்தான் வருகிறது. எங்கள் சமையலறையில் பாத்திரத்துக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்ப்போம். உங்களுக்கு அது தேவையில்லை, பாத்திரத்தை மாற்றினாலே போதும்.

மோந்து பார்த்தால் தெரியாதா? எங்கள் வீட்டில் அப்பாவின் மூக்குதான் கடைசித் தீர்ப்பு.
– கல்லூரி மாணவி

அப்பாவின் மூக்கு நல்ல மூக்குதான், ஊசிப்போனதை உடனே சொல்லிவிடும். ஊசிப்போக வைக்கும் கிருமிகள் ஒரு கூட்டம், நோய் தரும் கிருமிகள் இன்னொரு கூட்டம். முதல் கூட்டம் வாடையும் நூலும் விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது பல நேரம் ருசியைக்கூட மாற்றாது. அதனால் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள், அதில் சந்தேகமே இல்லை. வாடை வரவில்லை என்றால் எப்போது சமைத்தது என்று கேளுங்கள்.

பூண்டை உரித்து எண்ணெயில் போட்டு, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்க்கவும் அழகு, சமைக்கவும் வசதி. எத்தனை நாள் வரும்?
– சமையல் பிரியை

கடிதத்தைப் படித்ததும் கொஞ்சம் பதறிவிட்டேன். தயவுசெய்து அந்தப் பாட்டிலைக் கொட்டிவிடுங்கள். ருசி பார்த்துவிட்டுக் கொட்டலாம் என்றும் நினைக்காதீர்கள்.

பூண்டு மண்ணுக்குள் விளைவது. பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் கிருமியின் ஸ்போர்கள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்று படும் இடத்தில் அவை சும்மா கிடக்கும். எண்ணெயில் மூழ்கினால் காற்று இல்லை, பூண்டில் புளிப்பும் இல்லை, மேடையில் கதகதப்பும் கிடைக்கிறது. அவை கேட்பது இவ்வளவுதான், விழித்துப் பெருகி நச்சைச் சுரக்க ஆரம்பித்துவிடும். அந்த நச்சு நரம்புகளைச் செயலிழக்க வைக்கும். கண் இரட்டையாகத் தெரிவதில் தொடங்கி மூச்சுத் தசை வரை போகும். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலருக்கு இந்த நோய் வந்தது. ஃபிரிட்ஜில் வைக்காத எண்ணெய்ப் பூண்டுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். 1994-இல் அமெரிக்காவின் எல் பாசோவில் ஃபாயிலில் சுற்றிச் சுட்ட உருளைக்கிழங்கை அப்படியே வெளியே விட்டதில் இதே கதை நடந்தது. கிழங்கைச் சுற்றியிருந்த ஃபாயில் அங்கே எண்ணெயின் வேலையைச் செய்துவிட்டது.

பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் சிறிதளவு செய்து ஃபிரிட்ஜில் வைத்து 4 நாளுக்குள் முடியுங்கள். மேடையில் அழகுக்கு உரிக்காத பூண்டை ஒரு கூடையில் போட்டு வையுங்கள். அது எத்தனை வாரமானாலும் பாவம், யாரையும் எதுவும் செய்யாது.

என் கணவர் வாங்கி வருவது அத்தனையையும் ஃபிரிட்ஜுக்குள் அடைக்கிறார். தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம், வாழைப்பழம், பிரெட், தேன்! மேடை காலி, உள்ளே கை விட இடமில்லை.
– பொறுமை இழந்தவர்

உங்கள் பக்கம்தான் நான்.

தக்காளியைக் குளிரில் வைத்தால் மணம் போய்விடும். 5 டிகிரியில் ஒரு வாரம் இருந்த தக்காளியில், மணப்பொருட்களை உண்டாக்கும் மரபணுக்களின் வேலையே குறைந்துபோவதை 2016-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழுத்துக் குழையப் போகிறது, இன்று சமைக்க முடியாது என்றால் உள்ளே வையுங்கள். மற்றபடி வெளியே.

உருளைக்கிழங்கைக் குளிரில் வைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். பொரிக்கும்போது சீக்கிரம் கறுக்கும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் அதிகமாக உண்டாகும். அதற்காக வெளிச்சத்தில் பரப்பியும் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் பச்சையாகும், கூடவே சோலனைன் என்ற நச்சும் ஏறும். மேடைக்குக் கீழே இருட்டாக, காற்றோட்டமாக ஓர் இடம் கொடுங்கள். வெங்காயத்துக்கும் அதே மாதிரி இடம்தான், ஆனால் தனிக் கூடை.

பிரெட் ஃபிரிட்ஜில்தான் வேகமாக விறைக்கும். ஓரிரு நாளில் தீர்ந்துவிடும் என்றால் மேடை, இல்லையென்றால் துண்டு போட்டு ஃப்ரீசர். வாழைப்பழத்தின் தோல் குளிரில் கறுக்கும். தேனில் தண்ணீர் மிகக் குறைவு, அதில் கிருமி வளர வழியே இல்லை. உள்ளே வைத்தால் உறைந்து கட்டியாவதுதான் மிச்சம். (ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் எங்கே வைத்திருந்தாலும் கொடுக்கக் கூடாது. இது தனி விஷயம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.)

இவ்வளவையும் படித்துவிட்டு வெட்டிய தக்காளியை மேடையில் வைத்துவிடாதீர்கள். கத்தி பட்ட பழமும் காயும் சமைத்த உணவின் கணக்கில் வந்துவிடும். அப்புறம் அதே 2 மணி நேரம்தான். தர்பூசணி, முலாம்பழம் இரண்டிலும் புளிப்பு கிடையாது என்பதால் அவற்றில் கூடுதல் கவனம் வேண்டும்.

முட்டை, வெண்ணெய் – வெளியேவா, உள்ளேயா?
– காலைச் சமையல் பொறுப்பில் இருக்கும் அப்பா

முட்டை ஓட்டின் மேல் இயற்கையாகவே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கிருமி உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். கழுவி விற்கும் முட்டையில் அது போயிருக்கும், எனவே கட்டாயம் ஃபிரிட்ஜ். கழுவாத முட்டை குளிர்ச்சியான இடத்தில் வெளியே இருக்கலாம். ஆனால் ஒருமுறை உள்ளே போனதை மறுபடி வெளியே குடி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் வியர்த்துவிடும், அந்த ஈரம் கிருமிக்கு வசதி. வீட்டுக்கு வந்ததும் நீங்களே கழுவி வைப்பதும் வேண்டாம். அவித்த முட்டைக்கு 2 மணி நேரம்.

வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு. மிச்சமுள்ள நீரும் நுண்ணிய துளிகளாகச் சிதறிக் கிடப்பதால் கிருமி வளர்வது கடினம், உப்பு சேர்த்த வெண்ணெயில் இன்னும் கடினம். ஓரிரு நாளுக்கு வேண்டியதை மூடி போட்ட கிண்ணத்தில் வெளியே வைக்கலாம். அது உருகி ஓடும் வெக்கையில் இந்தச் சலுகை கிடையாது. உப்பில்லாதது உள்ளேயே இருக்கட்டும்.

எண்ணெய், மசாலா டப்பாக்கள் எல்லாம் அடுப்பை ஒட்டியே வைத்திருக்கிறேன், எட்டி எடுக்க வசதி. இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா?
– அவசரச் சமையல்காரி

ஆபத்து இல்லை, நஷ்டம் உண்டு. சூடும் வெளிச்சமும் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு வாடைக்குக் கொண்டுபோகும். அன்றாடத்துக்குச் சின்ன பாட்டில், மிச்சம் அலமாரிக்குள். மசாலாப் பொடிகளுக்கு அடுப்பின் ஆவிதான் எதிரி. கொதிக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவைச் சாய்த்துத் தட்டுகிறோமே, அப்போது ஆவி உள்ளே புகுந்து பொடி கட்டி தட்டும், பூஞ்சையும் வரும். கரண்டியில் எடுத்துப் போடுங்கள். உப்பு மட்டும் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஃப்ரீசர் இறைச்சியைக் காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் வந்து சமைக்கலாமா?
– இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு

வேண்டாம். நடுப்பகுதி கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் அறை வெப்பத்துக்கு வந்து மணிக்கணக்கில் கிடக்கும். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு, ஒரு தட்டு வைத்து இறக்குங்கள். மறந்துபோனால் நீர் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். உருகியதும் அப்போதே சமைத்துவிட வேண்டும்.

மிச்ச சாப்பாட்டை மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைத்து மூடிவிடுகிறேன். ஈ, எறும்பு வராது. அப்படியானால் அது மேடையில் வைத்ததாகாது, இல்லையா?
– சந்தேகம் கேட்பவர்

ஆகும். அணைத்து வைத்த அடுப்பு என்பது கதவு போட்ட மேடைதான். ஈக்குத் தடை, பாக்டீரியாவுக்கு இல்லை. அதோடு கதவை மூடியதும் நமக்கு மறந்தும் போகும்.