மகள் சேர விரும்பும் வேலை திட்டத்தோடு முடிந்துவிடுமா? மக்கள் நலவாழ்வு ஆய்வு பற்றி ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சமூகப்பணியில் முதுகலை முடித்த உங்கள் மகள், மலைக்கிராமங்களில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆய்வு உதவியாளராகச் சேர விரும்புவதையும், இரண்டு ஆண்டுத் திட்டம் முடிந்ததும் சம்பளம் நின்றுவிடுமே என்று நீங்கள் கலங்குவதையும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கலக்கம் நியாயமானது. இத்துறையில் சம்பளம் பெரும்பாலும் நிதியுதவியிலிருந்து வருகிறது. அந்த நிதியோ சில ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைக்கிறது. ஆயினும், தரவு சேகரிப்பதோடு நின்றுவிட்டவர்கள் திட்டம் முடிந்ததும் வேறு வேலை தேட நேர்வதையும், நிதி கேட்டு அனுப்பும் ஆய்வு முன்மொழிவை எழுதக் கற்றுக்கொண்டவர்களை நிறுவனங்கள் எளிதில் விட்டுவிடாததையும் தொடர்ந்து கண்டுவருகிறேன். எனவே, உங்கள் மகள் இந்த வேலையில் சேரலாமா என்பதைவிட, முன்மொழிவு எழுதும் பணியில் அவருக்கு இடம் தருவார்களா என்பதையே முதலில் கேட்டறியுங்கள்.

முன்மொழிவு என்றால் அழகான ஆங்கிலத்தில் எழுதப்படும் விண்ணப்பம் என்று பலர் நினைக்கிறார்கள். மக்கள் முன்னின்று நடத்தும் ஆய்வில் அதன் வேலை, நிதி அறிவிப்பு வெளியாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் தொடங்கிவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் 1986-இல் தொடங்கிய ‘சர்ச்’ (SEARCH) என்ற தொண்டு நிறுவனத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவேன். எதை ஆராய்வது என்பதை ஊர்ப் பிரதிநிதிகளின் கூட்டங்களில் கேட்டறிவது அவர்களுடைய வழக்கம். அங்கே பச்சிளங் குழந்தைகளின் இறப்பைக் குறைக்க, கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீட்டிலேயே பராமரிப்பு வழங்கும் முறையை 39 கிராமங்களில் செயல்படுத்தி, அம்முறை இல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டார்கள். அம்முறை செயல்பட்ட கிராமங்களில் ஆயிரம் பிறப்புக்கு 62 ஆக இருந்த பச்சிளங் குழந்தை இறப்பு விகிதம், 1997-98-இல் 25.5 ஆகக் குறைந்தது. 1999-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை, ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ 5.3 டாலர் செலவானது என்பதையும் குறிப்பிட்டிருந்தது. பிற்காலத்தில், 2011-இல், ஆஷா எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் வழியாக வீட்டுவழிப் பச்சிளங் குழந்தைப் பராமரிப்பை இந்திய அரசு நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. ஊரின் தேவையும், ஒப்பிட்டு அளந்த பலனும், ஒரு குழந்தைக்கு ஆகும் செலவும் ஒரே இடத்தில் இருந்தால் அரசால் அதைப் புறந்தள்ள முடியாது. உங்கள் மகள் இதைத்தான் பழக வேண்டும்.

பலரும் சறுக்குவது வரவு செலவுத் திட்டத்தில்தான். ஆய்வாளரின் சம்பளம், பயணம், மடிக்கணினி ஆகியவற்றை எழுதிவிட்டு, ஊர்க்கூட்டத்துக்கு வரும் பெண்கள் இழக்கும் ஒரு நாள் கூலியை எழுத மறந்துவிடுகிறார்கள். அவர்களுடைய பேருந்துச் செலவு, மதிய உணவு, ஒப்புதல் படிவத்தை அவர்கள் பேசும் மொழியில் தயாரிக்கும் செலவு, முடிவுகளை அவர்களிடமே திரும்பக் கொண்டுசென்று விளக்கும் கூட்டத்தின் செலவு ஆகிய அனைத்துக்கும் தனித்தனித் தொகை ஒதுக்கி, ஒவ்வொன்றும் ஏன் தேவை என்று ஒரு வரியில் காரணம் கூற வேண்டும். ‘மக்கள் பங்கேற்பு’ என்று பத்து இடங்களில் எழுதிவிட்டு அதற்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்காத முன்மொழிவை நான் நேர்மையானதாகக் கருதுவதில்லை. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர்களும் அதை உடனே கண்டுகொள்வார்கள்.

ஆய்வில் பங்கேற்போருக்குத் தீங்கு நேராதபடி ஆய்வுத் திட்டத்தைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குத் தேவைப்படும் காலத்தையும் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள், சொந்தக் குழு இல்லாத நிறுவனம் ஒப்பந்தத்தின் பேரில் வேறொரு நிறுவனத்தின் குழுவை அணுக இடமளிக்கின்றன. ஆகவே சிறு தொண்டு நிறுவனம் என்பதால் இது இயலாத காரியமாகிவிடாது.

நிறுவனத்தின் நிதி ஆதாரத்தை நீங்களே விசாரிக்கலாம். அரசு ஆராய்ச்சி அமைப்புகளின் நிதியைப் பெற, அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறையின் அங்கீகாரம் தொண்டு நிறுவனங்களிடம் பொதுவாகக் கேட்கப்படுகிறது. நிறுவனங்கள் சட்டம் 2013-இன்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்பதால், அந்த வழியும் உண்டு. ஆனால் அவர்களில் பலர் ஆய்வைவிட மருத்துவ முகாம்களையே விரும்புகிறார்கள் என்பது என் கணிப்பு. வெளிநாட்டு நிதி வருவதானால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் நடந்த திருத்தத்தை நினைவில் கொள்ளுங்கள்: அந்நிதியை ஒரு நிறுவனம் மற்றொன்றுக்கு மாற்றித் தர இயலாது, நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பெரிய அமைப்பின் நிழலில் இயங்கிய சிறு நிறுவனங்கள் இதனால் மிகவும் பாதிக்கப்பட்டன. ஒரே வெளிநாட்டு நிதியாளரை மட்டும் நம்பியிருக்கும் இடத்தில் சேர்வதற்கு முன் நிச்சயம் தயங்க வேண்டும்.

உங்கள் மகள் முதல் இரண்டு ஆண்டுகள் களத்தில் பணிபுரிந்துவிட்டு, அதன்பின் பொதுச் சுகாதார முதுகலையில் சேர்வதே நல்லது என்பது என் கருத்து. திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம், மும்பையின் டாடா சமூக அறிவியல் கழகம் போன்ற இடங்களில் அப்படிப்பு உள்ளது. சேர்க்கைத் தகுதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். களம் காணாமல் புள்ளியியல் படிப்பதைவிட, ஒரு முன்மொழிவு நிராகரிக்கப்பட்ட வலியோடும், மதிப்பீட்டாளர்களின் குறிப்புகளோடும் வகுப்பறைக்குச் செல்பவர் அதிகம் கற்றுக்கொள்கிறார்.

பணி ஆணையை ஏற்பதற்கு முன், நிறுவனத்தின் கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். முன்மொழிவுக் குழுவில் பங்கு உண்டா, வெளியீடுகளில் பெயர் இடம்பெறுமா, திட்டம் முடியும் தேதி எது என்ற மூன்றையும் எழுத்தில் பெறச் சொல்லுங்கள். அந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்