பல் பிடுங்கிய குழி ஆறவில்லை; எந்த ஸ்கான் எடுப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியதால் மட்டக்களப்பில் எலும்பு அரிப்பைத் தடுக்க மாதாமாதம் சொலட்ரோனிக் அமில ஊசி ஏற்றுகிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி மூன்று மாதமாகியும் குழியில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். கொழும்பில் எம்ஆர்ஐ எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். போகலாமா? (மகள், திருக்கோவில்)

பதில்: இப்போதைக்கு வேண்டாம்.

அந்த ஊசி ஏற்றியவருக்கு, தாடையில் கதிர்ச் சிகிச்சை பெறாதவருக்கு, எட்டு வாரம் கடந்தும் எலும்பு மூடவில்லை என்றால், மருந்தினால் தாடை எலும்பு இறந்துகொண்டிருக்கிறது என்றே முதலில் எண்ணவேண்டும். இதற்கு ஸ்கான் தேவையில்லை. அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறியத்தான் ஸ்கான்.

ஓபிஜி தெளிவாக இருந்ததில் ஆறுதல் கொள்ளாதீர்கள். எலும்பின் கனியுப்பில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியும். அடுத்துப் பயன்படுவது பெரும்பாலும் சீ.ரீ. ஸ்கான். இறந்த துண்டு பிரிந்துவிட்டதா, தாடையின் கீழ் விளிம்புவரை அரித்துவிட்டதா, முறிவு உண்டா என்று அதில் பார்க்கலாம். வாய் கொப்பளிப்பும் மாத்திரையும் போதுமா, அறுவைச் சிகிச்சையா என்ற முடிவுக்கு அது உதவும்.

ஒரு விதிவிலக்கு. அம்மாவின் கீழுதடோ நாடியோ (மோவாய்) மரத்திருக்கிறதா? சோற்றுப் பருக்கை உதட்டில் ஒட்டியிருப்பது தெரியாமல் பேசுகிறாரா? இன்றே கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் இரண்டு பக்கமும் தொட்டுப் பாருங்கள். கிருமித் தொற்றும் நரம்பை மரக்கச் செய்யும். ஆனால் புற்றுநோயே தாடைக்குள் இறங்கியும் நரம்பை அழுத்தலாம். அப்படியானால் எம்ஆர்ஐ உண்மையிலேயே வேண்டும், சதைத் துண்டுப் பரிசோதனையும் வேண்டிவரலாம். மரப்பு இருந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள்.

இனி அந்த 'ஒருவர்'. வான் கூலி, ஸ்கான் காசு, தன் தரகு எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லுவார். திரும்பும்போது கையில் ஒரு தாள் அறிக்கை மட்டும் இருக்கும். படங்கள் அடங்கிய சீடி இராது. தாளை வைத்து எந்தச் சத்திரசிகிச்சை நிபுணரும் எலும்பை அளக்க முடியாது; மறுபடி எடுக்கச் சொல்லுவார். இப்படி இரண்டு தடவை செலவழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கோரிக்கைத் தாளில் 'பல்வலி' என்று மட்டும் எழுதி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. ஒரே மதிலுக்குள் இருந்தும் புற்றுநோய் கிளினிக் கொப்பியைப் பல் கிளினிக் புரட்டுவதில்லை. முதல் ஊசிக்கு முன்பே பல்லைப் பார்த்திருக்கவேண்டும். அதை யாரிடம் சொல்லி அழுவது?

ஆகவே ஊசியின் பெயரும் தொடங்கிய திகதியும் உள்ள பக்கத்தை நீங்களே நீட்டுங்கள். வாய், தாடை, முக அறுவைச் சிகிச்சை நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். அதுவரை குழியைச் சுரண்டவோ பக்கத்துப் பல்லைப் பிடுங்கவோ விடாதீர்கள். ஊசியை நிறுத்துவதா என்பதைப் புற்றுநோய் மருத்துவரே சொல்லட்டும். சாயம் ஏற்றி ஸ்கான் எடுப்பதானால் முன்கூட்டியே சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊசி சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது.