8 மாத நாய் கற்றதையெல்லாம் மறந்துவிடுமா?

5 மாதத்தில் "வா" என்றதும் ஓடிவந்த உங்கள் சிப்பிப்பாறை, 8 மாதம் ஆனதும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் போக்கில் போய்விடுகிறது, பயிற்சி வீணாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகவில்லை. பெரும்பாலும் இது, ஏறத்தாழ 6 மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயதுவரை நீடிக்கக்கூடிய வளரிளம் பருவத்தின் இயல்பு. 2020-இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், "உட்கார்" என்ற கட்டளைக்கு 8 மாத நாய்கள் வளர்ப்பவரிடம் முன்பைவிடக் குறைவாகப் பணிந்தன. அந்நியரிடம் அப்படிக் குறையவில்லை. அதாவது, பாடம் நினைவில் இருக்கிறது.

மேலும், சிப்பிப்பாறை கண்ணால் கண்டதைத் துரத்தும் வேட்டையினம் என்பதால், வெட்டவெளியில் ஒரு பூனை ஓடும் நேரத்தில் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ஆகவே, சில மாதங்களுக்கு அதை அவிழ்த்துவிடாமல், கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்பைச் சுற்றும் ஹார்னஸில் 10 மீட்டர் கயிற்றைக் கட்டி, ஆளரவமற்ற இடத்தில் ஒரே ஒருமுறை அழையுங்கள். வந்தவுடன் நகமளவு வேகவைத்த ஈரல் துண்டைக் கொடுத்து, மீண்டும் மோப்பம் பிடிக்க விட்டுவிடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான்: வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டுமே அழைத்தால், "வா" என்பது விளையாட்டு முடிந்ததன் அடையாளமாகிவிடும். தாமதமாக வந்தாலும் தயவுசெய்து அடிக்காதீர்கள். வந்ததற்கே அடி விழுந்ததாகத்தான் அது புரிந்துகொள்ளும்.

மாற்றம் திடீரென வந்து, உணவும் குறைந்திருந்தால், வலி ஏதும் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.